பாடம்: கேக் மாவில் எது என்ன வேலை செய்கிறது? ஒன்று இல்லையென்றால் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது?



மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிக் குழுக்களில் கேக், பிஸ்கட் செய்து விற்க ஆசைப்படும் உறுப்பினர்கள் அதிகமாகி வருகிறார்கள். பயிற்சிக்கு வருபவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. “பேக்கிங் பவுடர் தீந்துபோச்சு, ஆப்ப சோடா போட்டா ஆகாதா?” “வெண்ணெய் விலை கட்டுப்படியாகல, டால்டா போடலாமா?” “முட்டை வேணாம்னு ஆர்டர் வந்திருக்கு, பதிலா என்ன போடுறது?”

இவை எல்லாம் நல்ல கேள்விகள். ஆனால் பதிலை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் அடுத்த கேள்விக்கு மறுபடியும் யாரையாவது கேட்க வேண்டி வரும். ஒவ்வொரு பொருளும் மாவுக்குள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால், எதற்குப் பதில் எது என்பதை நாமே முடிவு செய்யலாம். உள்கடன் வாங்கி ஓவன் வாங்கியிருக்கிற ஒரு சகோதரிக்கு நாலு கேக் தொடர்ந்து வீணானால் அந்த மாதத் தவணையே கஷ்டமாகிவிடும். அதனால் இந்தப் பாடத்தை நிதானமாகப் படியுங்கள். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டாலும் சரி.

மாற்றுப் பொருள் புதுசு இல்லை

கேக் என்றாலே வெளிநாட்டுச் சமாசாரம், புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்யணும் என்று பலர் பயப்படுகிறார்கள். 1883-ல் தலசேரியில் நடந்ததைக் கேளுங்கள். தலசேரி அப்போது சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த ஊர். அங்கே மாம்பள்ளி பாப்பு என்பவர் பிஸ்கட் தயாரிக்கும் கடை வைத்திருந்தார். அஞ்சரக்கண்டியில் பட்டைத் தோட்டம் வைத்திருந்த மர்டோக் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் காட்டி, கிறிஸ்துமஸுக்கு இதுபோல செய்து தர முடியுமா என்று கேட்டார். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கச் சொன்னார். பாப்பு அதற்குப் பதிலாக முந்திரிப்பழமும் கதலிப்பழமும் சேர்த்துச் செய்த உள்ளூர்ச் சாராயத்தைச் சேர்த்தார் என்றும், ருசி பார்த்த பிரவுன் மேலும் ஒரு டஜன் கேக் கேட்டார் என்றும் சொல்கிறார்கள். இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று இதைத்தான் பலரும் சொல்கிறார்கள்.

இன்னொரு விஷயம். இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கும் பேக்கிங் பவுடரே ஒரு மாற்றுப் பொருளாகப் பிறந்ததுதான். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் மருந்துக்கடை வைத்திருந்த ஆல்ஃபிரட் பேர்ட் என்பவரின் மனைவிக்கு முட்டையும் ஈஸ்ட்டும் ஒத்துக்கொள்ளாது. அவர் சாப்பிடுவதற்காகவே 1843-ல் ஈஸ்ட் இல்லாமல் மாவை எழுப்பும் பொடியைக் கண்டுபிடித்தார்.

இரண்டு பேருமே ஒரு பொருளின் வேலையைப் புரிந்துகொண்டு, அந்த வேலையைச் செய்யும் வேறு பொருளைத் தேடினார்கள். நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

1. மைதா – சுவர்

மைதாவில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் இழுவை வரும். பரோட்டா மாவை அடித்து வீசும்போது கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவைக்குக் காரணமான பொருளை குளூட்டன் என்பார்கள். கேக்கில் உண்டாகும் காற்றைப் பிடித்து வைக்கும் சுவர் இதுதான். ஆனால் பரோட்டாவுக்கு இழுவை எவ்வளவு தேவையோ, கேக்குக்கு அவ்வளவு ஆகாது. அதனால்தான் மைதா சேர்த்த பிறகு அதிகமாக அடிக்கக் கூடாது என்கிறோம். மாவு மறையும் வரை கலந்தால் போதும். அதற்கு மேல் அடித்தால் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

பதிலுக்கு:
• புத்தகத்தில் “கேக் மாவு” என்று போட்டிருந்தால், 1 கப் மைதாவில் 2 மேஜைக்கரண்டி எடுத்துவிட்டு 2 மேஜைக்கரண்டி கார்ன் ஃப்ளோர் சேர்த்து இரண்டு முறை சலியுங்கள்.
• கோதுமை மாவு போடலாம். முதலில் பாதி மைதா, பாதி கோதுமை என்று பழகுங்கள். கோதுமை மாவு அதிகத் தண்ணீர் இழுக்கும். 2 மேஜைக்கரண்டி பால் கூடுதலாக விடுங்கள்.
• கேழ்வரகு, கம்பு மாவில் குளூட்டன் கிடையாது. மொத்த மாவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போட்டால் ஆரம்பத்தில் கேக் உதிர்ந்துவிடும்.

2. ஆப்ப சோடாவும் பேக்கிங் பவுடரும் – எழுப்பும் பொருள்

நிறையப் பேர் குழம்புவது இங்கேதான். ஆப்ப சோடா, சமையல் சோடா, சோடா உப்பு, பேக்கிங் சோடா எல்லாம் ஒன்றேதான். பேக்கிங் பவுடர் வேறு.

சோடா தனியாக நன்றாக வேலை செய்யாது. அதற்குப் புளிப்பு வேண்டும். தயிர், மோர், எலுமிச்சைச் சாறு, வினிகர், வெல்லம் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் பொங்கி காற்றை உண்டாக்கும். புளிப்பு போதாவிட்டால் மிச்சமாகும் சோடா சூட்டில் வேறு உப்பாக மாறும். அதுதான் சில கேக்கில் வரும் சோப்பு வாசனை, கசப்பு, மஞ்சள் நிறம்.

பேக்கிங் பவுடரில் சோடாவும் இருக்கும், புளிப்பு உப்பும் இருக்கும், இரண்டும் முன்கூட்டியே சேர்ந்துவிடாமல் இருக்கக் கொஞ்சம் ஸ்டார்ச் மாவும் இருக்கும். அதனால் புளிப்பு இல்லாத பால் கேக்கிலும் வேலை செய்யும்.

பதிலுக்கு:
• 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் இல்லையென்றால்: கால் தேக்கரண்டி சோடா, அதோடு அரை தேக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. அல்லது கால் தேக்கரண்டி சோடா, அதோடு அரை கப் புளித்த தயிர் (அந்த அரை கப்பை மற்ற பாலில் குறைத்துவிடுங்கள்). இப்படிச் செய்தால் கலந்த உடனே அடுப்பில் வைக்க வேண்டும். தாமதித்தால் காற்று போய்விடும்.
• சோடா இல்லாமல் பேக்கிங் பவுடர் மட்டும் இருந்தால்: சோடா அளவைப் போல மூன்று மடங்கு.
• பொது அளவு: 1 கப் மைதாவுக்கு 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் அல்லது கால் தேக்கரண்டி சோடா. “நல்லா உப்பட்டும்”னு இன்னும் கொஞ்சம் போட்டால், முதலில் உப்பி, பிறகு நடுவில் குழி விழுந்துவிடும்.

சோதனை: ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் பேக்கிங் பவுடர் ஈரம் இழுத்துச் செத்துவிடும். அரை கப் சுடுதண்ணீரில் அரை தேக்கரண்டி பவுடர் போடுங்கள். உடனே பொங்கினால் நல்லது. சும்மா கிடந்தால் தூக்கிப் போடுங்கள். சோடாவாக இருந்தால் வினிகரில் போட்டுப் பாருங்கள்.

எச்சரிக்கை: துணிக்குப் போடும் வாஷிங் சோடா வேறு. அதை சமையலறையில் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

3. வெண்ணெய் – மென்மை

கடையில் விற்கும் டேபிள் பட்டரில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கொழுப்பு மாவைச் சுற்றிக்கொண்டு இழுவையைக் குறைக்கிறது. சர்க்கரையோடு சேர்த்து அடிக்கும்போது சின்னச் சின்னக் காற்றுக் குமிழியைப் பிடித்து வைக்கிறது.

குறிப்புப் புத்தகத்தில் “வெண்ணெய் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்” என்று போட்டிருக்கும். குளிர் தேசத்து அறை 20 டிகிரி. சித்திரை மாசத்து மயிலாப்பூர் அறை 35 டிகிரி! வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். உருகிய வெண்ணெயில் காற்று நிற்காது. ஆகவே வெயில் காலத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் பதத்திலேயே அடிக்க ஆரம்பியுங்கள். காலையில் சீக்கிரமே செய்வது நல்லது.

பதிலுக்கு:
• நெய்: 100 கிராம் வெண்ணெய்க்கு 80 கிராம் நெய், அதோடு 1 மேஜைக்கரண்டி பால். நெய் பிஸ்கட்டுக்கு அருமை.
• எண்ணெய்: வெண்ணெய் அளவில் முக்கால் பங்கு. வாசனை இல்லாத சூரியகாந்தி எண்ணெய் போன்றது நல்லது. கேக் ஈரமாக இருக்கும், ஆனால் வெண்ணெய் மணம் வராது. அடித்துக் காற்று ஏற்றவும் முடியாது. அதனால் எண்ணெய்க்கென்றே உள்ள குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.
• உப்பு போட்ட பட்டர் என்றால் குறிப்பில் உள்ள உப்பை விட்டுவிடுங்கள்.
• வனஸ்பதி: மலிவுதான். இதில் இருக்கக்கூடிய டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கெடுதல் என்பதால் எண்ணெய், கொழுப்புப் பொருட்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் விதித்திருக்கிறது. நாங்கள் இதைச் சிபாரிசு செய்வதில்லை. அப்படியே போட்டாலும் அதை “பட்டர் கேக்” என்று விற்கக் கூடாது.

4. சர்க்கரை – இனிப்பு மட்டும் இல்லை

சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைக்கும், மேல்பக்கத்துக்குப் பொன்னிறம் கொடுக்கும், இழுவையைக் குறைக்கும். “சுகர் இருக்கு, சர்க்கரை கம்மியா போடுங்க” என்று வாடிக்கையாளர் சொன்னால் கால் பங்கு வரை குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் கேக் காய்ந்து வெளிறிப்போகும்.

பதிலுக்கு:
• பொடித்த சர்க்கரை இல்லையென்றால் மிக்ஸியில் அரைத்துச் சலியுங்கள். கப் கணக்கில் மாற்றாதீர்கள். 1 கப் சர்க்கரை 200 கிராம், ஆனால் 1 கப் பொடித்த சர்க்கரை அதைவிட நன்றாகக் குறைவு. எடை போட்டுத்தான் மாற்ற வேண்டும்.
• நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி: அதே எடை. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, ஆற வைத்துச் சேர்க்கவும். கரைத்த தண்ணீரைப் பால் அளவில் குறைத்துவிடவும். ஒரு சிட்டிகை சோடா சேர்க்கலாம்.
• “வெல்லம் போட்டது, சர்க்கரை நோயாளி சாப்பிடலாம்” என்று சொல்லி விற்காதீர்கள். அது உண்மை இல்லை. வெல்லமும் சர்க்கரைதான்.

5. முட்டை – நாலு வேலைக்காரி

மாவைப் பிணைப்பது, காற்றைப் பிடிப்பது, ஈரம் கொடுப்பது, நிறமும் ருசியும் கொடுப்பது என்று நாலு வேலையை முட்டை ஒன்றே செய்கிறது. அதனால்தான் அதற்குப் பதில் கண்டுபிடிப்பது கஷ்டம். நம் பகுதியில், முக்கியமாக மயிலாப்பூரில், முட்டை சேர்க்காத வீடுகள் நிறைய. ஆகவே இதைக் கற்றுக்கொண்டவருக்கு ஆர்டர் நிச்சயம்.

ஒரு முட்டைக்குப் பதில் (ஓடு நீக்கி ஏறக்குறைய 50 கிராம்):
• கால் கப் கெட்டித் தயிர் – ஈரம் கொடுக்கும். சோடாவோடு சேர்ந்தால் எழுப்பும். எல்லாக் கேக்குக்கும் ஏற்றது.
• கால் கப் மசித்த வாழைப்பழம் – வாழைப்பழ ருசி வந்துவிடும். சாக்லேட் கேக்குக்குப் பொருந்தும்.
• 1 மேஜைக்கரண்டி ஆளி விதைப் பொடி, 3 மேஜைக்கரண்டி தண்ணீரில் 10 நிமிடம் ஊற வைத்தது – நன்றாகப் பிணைக்கும். பிஸ்கட், கோதுமைக் கேக்குக்கு நல்லது.
• 3 மேஜைக்கரண்டி கொண்டைக்கடலை வேக வைத்த கெட்டித் தண்ணீர் – முட்டை வெள்ளைக்கரு மாதிரியே நுரைக்கும். 2014-ல் ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சுக்காரர் இதைக் கண்டறிந்து வெளியிட்டார். நவராத்திரிச் சுண்டலுக்கு வேக வைத்து நாம் சிங்க்கில் கொட்டுகிற தண்ணீர்! உப்புப் போடாமல் வேக வைத்திருக்க வேண்டும். நீர்த்திருந்தால் சுண்டக் காய்ச்சி ஆற வைக்கவும்.
• மில்க்மெய்ட் போன்ற கன்டென்ஸ்டு மில்க் – ஈரமும் நிறமும் தரும். ஆனால் இதிலேயே நிறையச் சர்க்கரை இருப்பதால், குறிப்பில் உள்ள சர்க்கரையைக் குறைக்காமல் போட்டால் தித்திப்பு திகட்டும்.

ஒரு எல்லை இருக்கிறது. 1 அல்லது 2 முட்டை போடும் கேக்கில் இந்த மாற்று நன்றாக வரும். 4, 5 முட்டையை அடித்து நுரைத்துச் செய்யும் ஸ்பாஞ்ச் கேக்கில் வராது. அதற்கு முட்டை இல்லாத குறிப்பையே தேடி எடுங்கள்.

6. இன்னும் சில

• மோர் இல்லையென்றால்: 1 கப் பாலில் 1 மேஜைக்கரண்டி வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு விட்டு 5 நிமிடம் வையுங்கள்.
• கோகோ பவுடருக்குப் பதில் குடிக்கும் சாக்லேட் பவுடர் போடக் கூடாது. அதில் பெரும்பகுதி சர்க்கரை.
• ஜெலட்டின் மிருகங்களிடமிருந்து எடுப்பது. சைவ வாடிக்கையாளருக்கு கடல்பாசி (சைனா கிராஸ்) பயன்படுத்தலாம். ஆனால் இதைக் கொதிக்க வைத்துக் கரைக்க வேண்டும், ஆறும்போதே உறைந்துவிடும்.

பழகிப் பார்க்க ஒரு கேக் (முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை)

மைதா ஒன்றரை கப் (180 கிராம்), சர்க்கரை முக்கால் கப் (150 கிராம்), புளிப்பு அதிகமில்லாத தயிர் 1 கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் தேக்கரண்டி, சோடா அரை தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் 1 தேக்கரண்டி.

தயிரில் சர்க்கரையைக் கரைக்கவும். சோடா, பேக்கிங் பவுடர் சேர்த்து 5 நிமிடம் விட்டால் நுரைத்து வரும். எண்ணெயும் எசென்ஸும் விட்டுக் கலந்து, சலித்த மைதாவை மூன்று தடவையாகச் சேர்க்கவும். முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். குச்சி விட்டுப் பார்த்தால் மாவு ஒட்டக் கூடாது. முதல் 20 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள்.

ஓவன் வாங்கும் முன் பழகிப் பார்க்க, அடி கனமான பழைய பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, மூடி, சிறு தீயில் செய்யலாம். குக்கரில் செய்தால் விசிலும் கேஸ்கட்டும் கழற்றியிருக்க வேண்டும்.

இப்போது யோசியுங்கள். இந்தக் கேக்கில் முட்டையின் வேலையை யார் செய்கிறார்கள்? தயிர் ஈரம் தருகிறது, சோடாவுக்குப் புளிப்பும் தருகிறது. வெண்ணெயின் மென்மையை எண்ணெய் தருகிறது. தயிருக்குப் பதில் பால் விட்டால் என்ன ஆகும்? அரை தேக்கரண்டி சோடாவுக்கு வேலை கொடுக்கப் புளிப்பு இல்லாமல் போய்விடும். இது புரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது.

மாற்றும்போது நாலு கட்டுப்பாடு

1) ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றிவிட்டு கேக் கெட்டால் எதனால் என்று தெரியாது.
2) பாதி அளவில் செய்து பாருங்கள்.
3) ஆர்டர் நாளில் புது மாற்று வேண்டவே வேண்டாம். அடுத்தவர் வீட்டுப் பிறந்தநாள் நமக்குச் சோதனைக்கூடம் இல்லை.
4) நோட்டில் எழுதுங்கள்: தேதி, என்ன மாற்றினோம், எத்தனை கிராம், எத்தனை நிமிடம், எப்படி வந்தது, செலவு. கணக்கு எளிதுதான். மைதா கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 180 கிராம் 9 ரூபாய். இப்படி ஒவ்வொன்றையும் கூட்டுங்கள். கேஸ், கரண்ட், அட்டைப்பெட்டி, உங்கள் உழைப்புக் கூலியையும் சேர்த்த பிறகுதான் விலை வைக்க வேண்டும்.

ஒரு சின்ன டிஜிட்டல் தராசும் அளவுக் கரண்டி செட்டும் முதலில் வாங்குங்கள். தி.நகர் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். டம்ளர் அளவு வீட்டுக்கு வீடு மாறும், கிராம் எங்கேயும் மாறாது. கப் என்று இங்கே சொன்னது 240 மில்லி, மேஜைக்கரண்டி 15 மில்லி, தேக்கரண்டி 5 மில்லி.

வாங்குபவருக்குச் சொல்லுங்கள்

வீட்டுக்குச் செய்யும்போது மாற்றுவது நம் இஷ்டம். விற்கும்போது மாற்றினால் சொல்லியே ஆக வேண்டும். முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தை, முந்திரி, பால், கோதுமை சேராதவர் என்று பலர் இருக்கிறார்கள். சிலருக்கு அரிப்போடு நின்றுவிடும், சிலருக்கு மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகும். “கொஞ்சமாத்தானே போட்டோம்” என்பது அங்கே பதில் ஆகாது.

• முட்டையில்லாக் கேக்குக்குத் தனிக் கிண்ணம், தனி கரண்டி, தனி பீட்டர் வையுங்கள். முடியாவிட்டால் முட்டையில்லாததை முதலில் செய்து முடியுங்கள்.
• பாக்கெட்டில் விற்றால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுத வேண்டும். சைவத்துக்கு சதுரத்துக்குள் பச்சை வட்டம். முட்டை சேர்ந்தால் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம்.
• வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன்படி எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு தேவை. விண்ணப்பிக்கக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள், உதவி செய்கிறோம்.

நம் குழுக்கள் வங்கியில் கடன் வாங்குவது சொத்தைக் காட்டி அல்ல, நம்பிக்கையைக் காட்டி. கேக் விற்பதும் அப்படித்தான். “அவங்க எக்லெஸ்னு சொன்னா எக்லெஸ்தான்” என்று ஒரு தெரு பேசினால், விளம்பரமே தேவையில்லை.

குழுக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள்

1. கேக் மேலே உப்பி நடுவில் குழி விழுந்தது. என்ன காரணம் இருக்கலாம்?
2. சோப்பு வாசனை வந்தது. எது அதிகம், எது குறைவு?
3. 2 முட்டை போடும் சாக்லேட் கேக்கை முட்டையில்லாமல் கேட்கிறார்கள். எந்த மாற்றைத் தேர்ந்தெடுப்பீர்கள்? ஏன்?
4. 100 கிராம் வெண்ணெய்க்கு நெய் போட்டால் எத்தனை கிராம்? ஏன் குறைகிறது?
5. பட்டர் கேக்குக்கு ஆர்டர் எடுத்தாயிற்று. வெண்ணெய் போதவில்லை. எண்ணெய் சேர்க்கலாமா? வாடிக்கையாளரிடம் என்ன சொல்வீர்கள்?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும் பிரதிநிதி கையில் கொடுத்து அனுப்புங்கள். கேக் செய்து பார்த்தவர்கள் நோட்டையும் ஒரு துண்டு கேக்கையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். கெட்டுப்போன கேக்காக இருந்தாலும் கொண்டுவாருங்கள். எங்கே தப்பு என்று எல்லாரும் சேர்ந்து பார்த்துக் கற்றுக்கொள்வோம்.